லின்னேயஸ்: மரத்தின் கணக்கைப் படித்தவர்

வடநாட்டுக்கு வந்து சேர்ந்த புதிதில் இங்குள்ள காடுகளை நாம் சரியாகப் பார்க்கவில்லை. பஸ் கண்ணாடிக்கு வெளியே ஓடிய ஒரே கருமைதான் நமக்குக் காடு. பைன் எது, ஸ்புறூஸ் எது என்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துவந்து சொன்ன பிறகே பிரித்தறிந்தோம். செடிகொடிகளுக்கும் உயிரினங்களுக்கும் இரண்டு சொற்களில் பெயரிடும் முறையை நிலைநிறுத்தியவர் கார்ல் லின்னேயஸ் என்பதைப் பாடப்புத்தகங்கள் சொல்லும். அவர் மரத்துக்குள் பதிந்த குளிரைப் படித்ததும், காட்டுத்தீயில் மயிரிழையில் உயிர் தப்பியதும், தீயைப் பற்றித் தான் எழுதிய பக்கத்தைத் தானே மாற்றியதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு அவர் வாழ்க்கையில் மனதைத் தொட்டது அந்தப் பகுதிதான்.

லின்னேயஸ் 1707 மே 23 அன்று, சுவீடனின் தெற்கே ஸ்மோலாண்ட் மாகாணத்திலுள்ள ரோஷுல்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை நில்ஸ், லூத்தரன் திருச்சபையின் போதகர். அக்காலச் சுவீடனின் கிராமத்தவர்களுக்கு, நம்மவர்களைப் போலவே, குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரைத்தான் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். படிக்கப் போன இடத்தில் ஒரு குடும்பப் பெயர் தேவைப்பட்டபோது, சொந்தக் காணியில் நின்ற பெரிய லிண்டன் மரத்தை நினைத்து, நில்ஸ் லின்னேயஸ் என்று வைத்துக்கொண்டார். அகதி விண்ணப்பப் படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தின் முன் திகைத்து நின்ற நமக்கு இந்தக் கதை நன்றாகவே விளங்கும்.

உப்சாலாவில் படித்துக்கொண்டிருந்த அவரை 1732இல் அங்குள்ள அறிவியல் கழகம் லாப்லாந்துக்கு அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 25. குதிரையிலும் கால்நடையாகவும் ஏறக்குறைய ஐந்து மாதங்கள் வடக்கே அலைந்தார். சாமி மக்களோடு தங்கினார், அவர்களுடைய கலைமான்களையும் மருந்துகளையும் பற்றிக் குறிப்பெடுத்தார்.

அந்தக் கோடை வறண்டிருந்தது. மின்னல் விழுந்து காடு தீப்பற்றிப் பல நாட்கள் எரிந்தது. எரிந்த பகுதி ஒன்றின் ஊடாக அவரும் வழிகாட்டியும் நடந்தபோது திடீரென்று காற்று எழுந்தது. அடி கருகி நின்ற மரங்கள் நாலாபக்கமும் முறிந்து விழத் தொடங்கின. எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் இருவரும் ஓடினார்கள். ஒரு பெரிய மரம் இருவருக்கும் நடுவில் வந்து விழுந்தது. ஓரடி முந்தியோ பிந்தியோ இருந்திருந்தால் இன்று நாம் படிக்கும் பெயர்கள் வேறாக இருந்திருக்கும்.

ஒல்லாந்தில் மூன்று ஆண்டுகள் இருந்து புகழோடு திரும்பிய அவர், 1741இல் உப்சாலாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அதே ஆண்டு அரசுப் பணியாக ஓலாண்ட், கொட்லாண்ட் தீவுகளுக்குப் பயணம் போனார். ஓலாண்டில் வெட்டுண்ட ஓக் மரம் ஒன்றின் வளையங்களை எண்ணினார். வெளிவளையத்திலிருந்து ஆண்டு ஆண்டாக உள்ளே போகப் போக, சில வளையங்கள் மிகவும் மெலிந்திருந்தன. கொடுங்குளிர் வந்த ஆண்டுகளோடு அவற்றைப் பொருத்திப் பார்த்தார். அவற்றில் ஒன்று 1709. ஐரோப்பா முழுவதையும் உறைய வைத்த அந்தக் குளிர்காலத்தில் அவர் இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தை. தனக்கு நினைவில்லாத அந்தக் குளிரை மரம் நினைவில் வைத்திருந்தது.

வடக்கே மரம் வளர்வது கோடையின் சில வாரங்களில் மட்டுந்தான். கோடையின் தொடக்கத்தில் வெளிறிய அகன்ற பகுதியும், முடிவில் கருத்த அடர்ந்த பகுதியுமாக ஆண்டுக்கு ஒரு வளையம் விழும். வட எல்லையில் நிற்கும் பைனுக்குக் கோடை குளிர்ந்தால் வளையம் மெலியும். தெற்கே வறட்சியும் அதை மெலியச் செய்யும். 1753இல் நம் பனைக்குப் பொராசஸ் ஃபிளாபெலிஃபர் என்று பெயர் வைத்தவரும் இதே லின்னேயஸ்தான். பனைக்கு ஆண்டு வளையம் இல்லை. வட்டம் வட்டமாகக் கணக்கெழுதும் மரத்தை நாம் இங்கு வந்துதான் அறிந்தோம்.

இனி அந்தப் பக்கத்தின் கதை. ஸ்மோலாண்ட் கல்லும் காடுமான பூமி. அங்கே ஏழை விவசாயிகள் காட்டை வெட்டி, காயவிட்டு, எரித்து, சாம்பலில் றை தானியம் விதைத்தார்கள். சில போகம் எடுத்தபின் நிலத்தை மாட்டுக்கு மேய்ச்சலாக விட்டார்கள், காடு மீண்டது. வன்னியில் சேனைப் பயிர்ச்செய்கை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. குளிர்நாட்டில் இலைதழை எளிதில் மக்காது. சத்தெல்லாம் தடித்த பாசிக்கும் மட்கிற்கும் அடியில் அடைபட்டுக் கிடக்கும். தீதான் அதைத் திறந்துவிடும். அரசுக்கோ இரும்பு உருக்கக் கரி தேவை. எரிக்கும் விவசாயி அதன் கண்ணில் காட்டை அழிப்பவன்.

1749இல் ஸ்கோனே மாகாணத்துக்குப் போகும் வழியில் லின்னேயஸ் தன் ஊர் மக்களின் இந்த முறையைப் பார்த்து, அதற்கு ஆதரவாக எழுதினார். வேறெதற்கும் உதவாத நிலத்திலிருந்து அவர்கள் உணவு எடுக்கிறார்கள் என்பது அவர் கணக்கு. 1751இல் நூல் அச்சானபோது, செல்வாக்கு மிக்க ஹோர்லெமன் பிரபு எதிர்த்தார். லின்னேயஸ் பணிந்தார். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் மாட்டெருவைப் பற்றிய பக்கம் ஒன்றைச் சேர்த்தார். நல்லவேளையாக அவர் முதலில் எழுதியது அழியவில்லை, பின்வந்தவர்கள் அதைப் படித்தார்கள்.

இதற்காக அவரைக் கோழை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. குடும்பமும் பதவியும் உள்ளவர், மேலிடத்தின் தயவில் ஆய்வு நடத்தியவர். பெரியவர்களின் முகம் பார்த்து ஒரு வரியை விழுங்கியவர்கள் நம்மிலும் உண்டு. ஆனால் பேரேட்டில் ஒரு பக்கத்தை மாற்றினால், மிச்சப் பக்கங்களின் கூட்டுத்தொகை அதைக் காட்டிக்கொடுக்கும்.

பின்னாளில் பிரபுப் பட்டம் கிடைத்து கார்ல் ஃபொன் லின்னே ஆனார். 1774இல் பக்கவாதம் தாக்கியது, இரண்டு ஆண்டுகளில் மீண்டும் வந்தது. ஆயிரக்கணக்கான உயிர்களுக்குப் பெயரிட்டவர் கடைசியில் தன் பெயரையே மறந்திருந்தார் என்பார்கள். 1778 ஜனவரி 10 அன்று காலமானார். உப்சாலாப் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

அவர் எடுத்த பக்கத்தில் இருந்த உண்மையை மரங்கள் வைத்திருந்தன. தடித்த பட்டையுள்ள முதிர்ந்த பைன், தரையோடு போகும் தீயில் சாகாது. ஒரு பக்கம் வெந்துபோக, மறுபக்கம் வளர்ந்து அந்தத் தழும்பை மெல்ல மூடும். தழும்புக்கு வெளியே உள்ள வளையங்களை எண்ணித் தீ வந்த ஆண்டைச் சொல்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள். மெல்லிய பட்டையுள்ள ஸ்புறூஸ் தீயில் மடிய, திறந்த மண்ணில் பேர்ச்சும் அஸ்பனும் பைன் கன்றும் முளைக்கும். தீயை முற்றாக நிறுத்திய காடுகளில் இந்த உயிர்கள் குறைந்துவிட்டதால், இன்று சுவீடனில் அளவறிந்து சில காடுகளுக்கு வேண்டுமென்றே தீ வைக்கிறார்கள். எல்லாத் தீயும் நன்மை என்று பொருளில்லை. 2018 கோடையின் வெப்பத்தில் அங்கே சுமார் 25,000 ஹெக்டேயர் எரிந்ததை நாம் பார்த்தோம். 2023இல் கனடாவில் 150 இலட்சம் ஹெக்டேயருக்கு மேல் எரிந்தபோது, அங்குள்ள நம் உறவுகள் யன்னலைப் பூட்டிக்கொண்டு இருந்தார்கள்.

நம் வீடுகளிலும் எடுத்துவிட்ட பக்கங்கள் இருக்கின்றன. எரிந்த வீடு, முகாமில் கழிந்த ஆண்டுகள், திரும்பி வராதவர்கள். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று சொல்லாமல் விட்டோம், அந்த இடத்தில் வேறேதோ பேசினோம். மெலிந்த வளையத்தையும் தழும்பையும் உள்ளே வைத்துக்கொண்டுதான் பைன் இருநூறு, முந்நூறு ஆண்டுகள் நிற்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு காட்டுப் பக்கம் போனால், வெட்டிய அடிமரம் ஒன்றைக் காட்டி, அவர்கள் பிறந்த ஆண்டு வரை எண்ணச் சொல்லுவோம். அதற்கும் உள்ளே இருப்பவை நம்முடைய ஆண்டுகள். அவற்றை நாமே எண்ணிச் சொல்லுவோம்.