தனியாக வந்தவரும் கூட வந்தவர்களும்

பெயர் ஃபாவுஸ்டோ கோப்பி. படித்தவுடன் காலையில் கடையில் குடித்த கோப்பி-ஓ ஞாபகத்துக்கு வந்தால் தப்பில்லை, எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் இத்தாலியில் இந்தப் பெயர் சும்மா ஒரு விளையாட்டு வீரரின் பெயர் அல்ல. சைக்கிள் பந்தயத்தில் சாம்பியன்களுக்கெல்லாம் சாம்பியன் என்று அந்த நாடு பட்டம் கொடுத்துக் கொண்டாடிய மனிதர். இத்தாலியைச் சுற்றி ஓடும் ஜிரோ பந்தயத்தை ஐந்து முறையும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை இரண்டு முறையும் வென்றவர்.

அவருடைய புகழ்பெற்ற படங்கள் பல ஒரே மாதிரி இருக்கும். மலைமேல் மண் சாலை, பின்னால் பனி, நடுவில் சைக்கிளில் ஓர் ஒல்லியான மனிதர், பக்கத்தில் போட்டியாளர் ஒருவருமே இல்லை. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் எனக்கு அவர்மேல் ஆர்வம் வந்தது. வாழ்க்கைக் கதையைப் படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, படத்துக்கு வெளியே எத்தனை பேர் நின்றிருக்கிறார்கள் என்று.

வட இத்தாலியில் பீட்மாண்ட் பகுதியின் தென்கிழக்கில், குன்றுகளின் மேல் காஸ்தெல்லானியா என்றொரு குட்டிக் கிராமம். கல் வீடுகள், ஒரு தேவாலயம், சுற்றிலும் விவசாய நிலம். எந்தப் பக்கம் போனாலும் ஒன்று ஏறணும், இல்லையேல் இறங்கணும். 1919 செப்டம்பர் 15இல் அங்கே ஒரு ஏழை விவசாயக் குடும்பத்தில் ஐந்து பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தான் ஃபாவுஸ்டோ. நோஞ்சான் பையன். படிப்பில் நாட்டம் கிடையாது. வீட்டில் கிடந்த துருப்பிடித்த பழைய சைக்கிள் ஒன்றைப் பள்ளி நேரத்தில் ஓட்டிக்கொண்டு திரிந்ததற்காக, பள்ளியில்தான் இருக்க வேண்டும் என்று நூறு முறை எழுத வைத்தாராம் ஆசிரியர். எழுதினான். மறுபடியும் ஓட்டினான்.

13 வயதில் படிப்பு முடிந்தது. சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருந்த நோவி லிகுரே பட்டணத்தில் ஓர் இறைச்சிக் கடையில் எடுபிடி வேலை. வாடிக்கையாளர் வீடுகளுக்கு சைக்கிளில் கறி கொண்டு போய்க் கொடுக்கணும். கடைப்பையனுக்குப் பந்தய சைக்கிள் வாங்கப் பணம் ஏது? கப்பலில் வேலை பார்த்த மாமா ஒருவர் கொடுத்தார். அவர் பெயரும் ஃபாவுஸ்டோதான். ஆசை ஆசையாகத் தன் அளவுக்கு ஒரு சட்டம் செய்யச் சொல்லிக் கடையில் காசைக் கட்டினான் பையன். வாராவாரம் போய்க் கேட்டான், தயாராகவில்லை என்றார்கள். கடைசியில் மாட்டி வைத்திருந்த ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எதிர்த்துக் கேட்க வாய் வரவில்லை, அத்தனை கூச்சம். வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அந்த இறைச்சிக் கடையால் கிடைத்த பெரிய அறிமுகம் பியாஜோ கவான்னா. முன்பு குத்துச்சண்டை பழகியவர், பிறகு சைக்கிள் வீரர்களுக்கு உடம்பு பிடித்துவிடும் தொழில், நடுவயதில் கண்பார்வை போய்விட்டது. கையால் தொட்டே ஓர் உடம்பில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று பெயர் வாங்கியவர். கோப்பியின் உடம்பு பார்வைக்குப் பந்தய வீரர் உடம்பே அல்ல. நீளமான மெல்லிய கால்கள், கூண்டு மாதிரி முன்தள்ளிய நெஞ்சு, சுலபமாக முறியும் எலும்புகள். பார்வையுள்ளவர்கள் கவனிக்காததைக் கவான்னாவின் விரல்கள் கவனித்தன. என்ன சாப்பிடணும், எப்போது தூங்கணும், எத்தனை கிலோமீட்டர் ஓட்டணும் எல்லாம் அவர்தான் தீர்மானித்தார்.

சைக்கிள் பந்தயம் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஜெயிப்பது ஒருவர், ஆனால் ஓடுவது ஒரு குழு. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுத்தால் பின்னால் வருகிறவருக்குப் பாதிச் சுமை குறைந்த மாதிரி இருக்கும். அதனால் தலைவருக்காகத் துணை வீரர்கள் காற்றை வாங்குவார்கள், தண்ணீர் எடுத்து வருவார்கள், அவர் சக்கரம் பழுதானால் தங்கள் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரோட்டோரம் நிற்பார்கள். 1940 ஜிரோவில் கோப்பிக்குக் கிடைத்தது அந்த வேலைதான். தலைவர் ஜினோ பார்த்தாலி, அவரைவிட ஐந்து வயது மூத்தவர், ஏற்கெனவே ஜிரோவையும் டூரையும் வென்ற நட்சத்திரம்.

இரண்டாவது நாளிலேயே மலை இறக்கத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பார்த்தாலி விழுந்து அடிபட்டு, நேரத்தை இழந்தார். சில நாள் கழித்து ஃபுளோரன்ஸிலிருந்து மோதேனா போகும் வழியில், அபெட்டோனே கணவாயில், குளிரிலும் மழையிலும் தண்ணீர் சுமக்க வந்த 20 வயதுப் பையன் எல்லாரையும் விட்டுவிட்டுத் தனியே போனான். தலைமை அவன் கைக்கு வந்தது.

இப்போது பார்த்தாலியின் நிலையை யோசித்துப் பாருங்கள். நேற்றுவரை தனக்குத் தண்ணீர் கொடுத்தவனுக்கு இன்று தான் துணை போகணும். டோலோமைட் மலைகளில் கோப்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு போதும் என்று நின்றபோது, பார்த்தாலி பனியை அள்ளிக் கழுத்தில் தேய்த்து, திட்டித் திட்டியே சைக்கிளில் ஏற்றினார் என்று சொல்வார்கள். கோப்பி ஜெயித்தார். இன்றுவரை ஜிரோவை வென்றவர்களில் மிக இளையவர் அவர்தான். பந்தயம் ஜூன் 9இல் முடிந்தது. ஜூன் 10இல் இத்தாலி போரில் குதித்தது.

இளமையின் நல்ல ஆண்டுகளைப் போர் தின்றது. நடுவில் 1942 நவம்பரில், போர்க்கால மிலானில், வட்டத் தடத்தில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி உலக சாதனை செய்தார். 1956 வரை அதை யாரும் முறியடிக்கவில்லை. அடுத்த ஆண்டு துனிசியாவில் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டுப் போர்க்கைதியானார். 1945இல் வீடு திரும்பி, மறு வசந்தத்தில் மிலான்–சான் ரேமோ பந்தயத்தில் இரண்டாவது ஆளைவிட 14 நிமிடம் முன்னால் வந்து சேர்ந்தார். அடுத்தவர் வரும்வரை வானொலியில் பாட்டுப் போட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, 14 நிமிடம் உண்மை.

அதன் பிறகு நாடே இரண்டாகப் பிரிந்தது. ஒரு வீட்டில் அப்பா பார்த்தாலி பக்கம், மகன் கோப்பி பக்கம். பார்த்தாலி பழைய பக்திமான், கோப்பி புதிய காலத்து ஆள் என்று பத்திரிகைகள் எழுதின. இரண்டு பேரும் அதில் கொஞ்சம் புத்தி இழந்ததும் உண்மை. 1948 உலகப் போட்டியில் மற்றவன் ஜெயித்துவிடக் கூடாது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே ஓட்டி, கடைசியில் இருவருமே பந்தயத்தைவிட்டு விலகினார்கள். இத்தாலியச் சங்கம் இருவருக்கும் தடை விதித்தது. சரியான தண்டனைதான்.

1949 ஜூன் 10. குனேயோவிலிருந்து பினெரோலோ வரை 254 கிலோமீட்டர், ஐந்து கணவாய்கள். மத்தலேனாவில் ஏறி பிரான்ஸுக்குள் இறங்கணும், வார்ஸ், பிறகு 2,360 மீட்டர் உயர இஸோவார், மோன்ஜெனேவ்ர் வழியாகத் திரும்ப இத்தாலி, கடைசியாகச் செஸ்திரியேரே. இன்றைய வழவழப்பான தார்ச் சாலைகளை நினைக்காதீர்கள். பெரும்பகுதி மண்ணும் கல்லும், மழை பெய்தால் சேறு. முதல் கணவாயிலேயே கோப்பி பிரிந்து போனார். 192 கிலோமீட்டர் தனியாக. மலையோரக் கிராமங்களில் ஜனங்கள் ஒருவரைப் பார்த்துவிட்டு, அடுத்தவருக்காக நின்றுகொண்டே இருந்தார்கள். அடுத்தவர் பார்த்தாலி, 11 நிமிடம் 52 வினாடி கழித்து வந்தார். செய்தி எழுதப் போயிருந்த நாவலாசிரியர் தீனோ புட்ஸாத்தி அவர்கள் இருவரிலும் கிரேக்க இதிகாசத்தின் அகில்லஸையும் ஹெக்டரையும் கண்டார். அந்த ஆண்டே டூரையும் கோப்பி வென்றார். ஒரே ஆண்டில் இரண்டையும் வென்ற முதல் ஆள் அவர்.

அவருக்குச் செர்சே என்று ஒரு தம்பி. அவனும் சைக்கிள் வீரன், அண்ணன் குழுவிலேயே ஓடினான். அண்ணன் கூச்ச சுபாவம், எளிதில் மனம் தளர்ந்துவிடுவார். தம்பி கலகலப்பு. சோர்ந்து உட்காரும் அண்ணனைத் தேற்றி எழுப்புவது அவன் வேலை. 1951 ஜூன் 29, தூரின் நகரத்தில் ஒரு பந்தயத்தின் முடிவில் டிராம் தண்டவாளத்தில் சக்கரம் சிக்கி விழுந்தான். எழுந்து தங்கும் விடுதிவரை ஓட்டிக்கொண்டு போனான். அன்றே மூளையில் இரத்தக்கசிவால் இறந்தான். வயது 28. சில நாளில் டூர் தொடங்கியது. கோப்பி போனார், ஓட்டினார், ஒரு நாள் வெயிலில் சுருண்டு அரை மணி நேரத்துக்கு மேல் பின்தங்கினார். அந்த வலியைச் சொல்லாமலே புரிந்துகொள்ளக் கூடியவர் ஒருவர் இருந்தார். பார்த்தாலியின் தம்பி ஜூலியோவும் 1936இல் பந்தயத்தில் விழுந்துதான் இறந்திருந்தான்.

1952 டூரில் எடுத்த படம் ஒன்று இத்தாலியில் தெரியாதவர் இல்லை. மலை ஏற்றத்தில் முன்னால் கோப்பி, பின்னால் பார்த்தாலி, இருவர் கைக்கும் நடுவில் ஒரு தண்ணீர்ப் புட்டி. யார் யாருக்குக் கொடுத்தார் என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். அதே டூரில் கவான்னாவிடம் வளர்ந்த துணை வீரர் அந்திரேயா கர்ரேயாவுக்குத் தற்செயலாக மஞ்சள் சட்டை கிடைத்துவிட்டது. தலைவருக்கு உரியதை எடுத்துவிட்டோமே என்று அவர் அழுதார். மறுநாள் ஆல்ப் துவெஸ் மலையில் கோப்பி அதை எடுத்துக்கொண்டார்.

1953இல் ஜிரோ முதன்முறையாக ஸ்தெல்வியோ கணவாய்க்குப் போனது. 2,758 மீட்டர், ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள், இருபுறமும் பனிச் சுவர். சுவிட்சர்லாந்தின் ஹூகோ கோப்லெட் ஏறக்குறைய இரண்டு நிமிடம் முன்னிலையில் இருந்தார், இன்னும் ஒரே நாள் பாக்கி. 33 வயதுக் கோப்பி அங்கே அவரை விட்டுவிட்டு ஏறினார். அது அவருடைய ஐந்தாவது ஜிரோ, கடைசியும்கூட.

அவரைச் சாமியாக்க வேண்டாம். ஊக்கமருந்து எடுத்ததை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்போது தடை இல்லை என்பது விளக்கமே தவிர நியாயம் அல்ல. மணமானவர், தானும் மணமான ஜூலியா ஒக்கீனி என்ற பெண்ணுடன் வாழப் போனார். அந்நாளைய இத்தாலியச் சட்டத்தில் அது குற்றம், வழக்கு நடந்து இருவருக்கும் தண்டனை விதித்தார்கள். கொண்டாடிய நாடு காறித் துப்பியது. வீட்டில் விட்டுவிட்டுப் போன மனைவிக்கும் மகளுக்கும் நேர்ந்ததும் சின்ன விஷயம் இல்லை.

1959 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்காவின் அப்பர் வோல்ட்டாவுக்கு, இன்றைய புர்க்கினா பாசோவுக்கு, ஒரு கண்காட்சிப் பந்தயத்துக்கும் வேட்டைக்கும் நண்பர்களோடு போனார். பிரெஞ்சு வீரர் ரஃபாயெல் ஜெமினியானியும் அவரும் ஒரே அறை. கொசு இருவரையும் கடித்தது. ஊர் திரும்பியதும் இருவருக்கும் கடும் காய்ச்சல். பிரான்சில் இரத்தத்தைச் சோதித்து மலேரியா என்று கண்டுபிடித்து மருந்து கொடுத்தார்கள். நம் தாத்தா பாட்டி தோட்டத்தில் விழுங்கிய அதே கொய்னா. அங்கிருந்து இத்தாலிக்குத் தகவலும் சொன்னார்கள். இங்கே வைத்தியர்கள் வேறு நோய் என்று உறுதியாக இருந்தார்கள். 1960 ஜனவரி 2ஆம் தேதி காலை தோர்த்தோனா மருத்துவமனையில் கோப்பி இறந்தார். வயது 40. ஜெமினியானி பிழைத்து, 2024இல் 99 வயதில்தான் காலமானார்.

காஸ்தெல்லானியா குன்றுக்கு ஏறும் குறுகிய சாலையில் ஆயிரக்கணக்கானோர் சேற்றிலும் குளிரிலும் நடந்து வந்தார்கள். பிறந்து நூறாண்டு ஆனபோது, 2019இல், அந்தக் கிராமம் தன் பெயரையே காஸ்தெல்லானியா கோப்பி என்று மாற்றிக்கொண்டது. அங்கே அவர் தனியாக இல்லை. பக்கத்திலேயே செர்சே இருக்கிறான்.