பொதுப்பணிக்கு வித்திட்ட பெருமகனார் தம்புசாமிப் பிள்ளை

வேலியில்லாப் பயிர் வீடு வந்து சேர்வதில்லை. சட்டமில்லாச் சமுதாயமும் அத்தகையதே. ஆயினும் வேலி மட்டுமே பயிரை விளைவித்துவிடாது. பொறுப்பு என்னும் நீர் பாய்ந்தாலன்றி எந்த நிலமும் பொன் கொழிப்பதில்லை. இவ்வுண்மையை விளக்கி நிற்பது, கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தைத் தோற்றுவித்த கா. தம்புசாமிப் பிள்ளை அவர்களின் வாழ்வும், அவர் மறைவுக்குப் பின் அவ்வாலயம் கண்ட வளர்ச்சியுமாகும்.

இளமையும் கல்வியும்

1850-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பிறந்த பிள்ளையவர்கள், அந்நகரின் புகழ்பெற்ற ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தில் பயின்றார். பின்னர் ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன் என்னும் வழக்கறிஞரின் அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தார். சட்ட நூல்களும் ஒப்பந்தப் பத்திரங்களும் நிறைந்த அவ்விடமே அவரது வாழ்வின் முதற் பயிற்சிக்களமாயிற்று.

1875-இல் டேவிட்சன் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்றார். அவரோடு பிள்ளையவர்களும் சிலாங்கூர் வந்து அரசுப் பணியில் இணைந்தார். அப்போது ஆட்சிப்பீடம் கிள்ளானில் இருந்தது. 1867 முதல் 1873 வரை நீடித்த சிலாங்கூர் உள்நாட்டுப் போர் ஓய்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வாளின் ஆட்சி நீங்கி, எழுத்தின் ஆட்சி வேரூன்றத் தொடங்கிய காலம் அது. கருவூலத்தின் தலைமை எழுத்தராக உயர்ந்த பிள்ளையவர்கள், மாநிலப் பொருளாளர் பொறுப்பையும் தற்காலிகமாக ஏற்று நடத்தினார். வந்த காசும் சென்ற காசும் ஏட்டில் ஏறவேண்டும் என்பது கருவூலத்தின் முதல் விதி. அவ்விதிக்குட்பட்டே அவரது பணிக்காலம் கழிந்தது.

செங்கல் நகரும் செங்கற் கோயிலும்

1880-இல் மாநிலத் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. மறு ஆண்டே அந்நகரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. அத்தாப்புக் கூரை வேய்ந்த மரவீடுகள் அழிந்தொழிந்தன. அடுத்து வந்த ரெசிடெண்ட் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுப்பப்பட வேண்டும் என்னும் விதியைக் கொணர்ந்தார். அதனால் செங்கற் சூளைகள் பெருகின. அச்சூளைகள் புகைந்த இடமே இன்று நாம் பிரிக்பீல்ட்ஸ் என வழங்கும் பகுதி. ஒரு விதி ஒரு நகரின் முகத்தையே மாற்றியதற்கு அவ்வூர்ப் பெயரே சான்று.

ஆலயத்தின் வரலாறும் இதனோடு இணைந்தே நடந்தது. 1873-ஆம் ஆண்டே அதன் தோற்ற ஆண்டாக மரபில் கொள்ளப்படுகிறது. இரயில் நிலையத்தருகே பிள்ளையவர்களின் குடும்ப வழிபாட்டிடமாக இருந்த அது, 1885-இல் ஹை ஸ்திரீட் என அந்நாளில் வழங்கிய இன்றைய ஜாலான் துன் எச்.எஸ். லீக்கு இடம் பெயர்ந்தது. 1887-இல் அத்தாப்புக் கொட்டகை நீங்கிச் செங்கற் கோயில் எழுந்தது.

உழைக்க வந்தோர்க்கு ஒரு நிழல்

1886-இல் கோலாலம்பூரையும் கிள்ளான் அருகிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைத்து இரயில் ஓடத் தொடங்கியது. இரயில் பாதையிலும் சாலைப் பணியிலும் வியர்வை சிந்தியோரில் தமிழர் பலர். அக்காலச் சட்டங்கள் பெரும்பாலும் ஆள்வோர் நலன் கருதி இயற்றப்பட்டவை. அவற்றை ஆக்குவதில் இவ்வெளிய மக்களுக்குக் குரலில்லை. கடல் கடந்து வந்த அவர்கள் தம் துயரை இறக்கி வைக்கத் தெய்வ சந்நிதியையே நாடினர். பத்துமலைக் குகையில் முருகப்பெருமானின் திருவுருவத்தை எழுந்தருளச் செய்த பெருமையும் பிள்ளையவர்களையே சாரும். 1892 முதல் அங்குத் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது.

அவரது தொண்டு தம் இனத்தோடும் சமயத்தோடும் நின்றுவிடவில்லை. 1893-இல் விக்டோரியா கல்விக்கூடம் அதே ஹை ஸ்திரீட்டில் உருவானபோது, லோக் இயூ, யாப் குவான் செங் ஆகிய சீனப் பெருமக்களோடு தோளிணைந்து நின்றார். ரவாங்கில் லோக் இயூவுடன் ஈயச் சுரங்கம் நடத்தி, 1894-இல் மின்னாற்றலை அங்கு முதன்முதலாய்ப் பயன்படுத்திய முன்னோடியும் அவரே.

குடும்பச் சொத்து பொதுச் சொத்தாதல்

1902-இல் பிள்ளையவர்கள் சிங்கப்பூரில் இறைவனடி சேர்ந்தார். அவர் விட்டுச்சென்ற ஆலயத்தில் நாளும் வணங்குவோர் பெருகினர். உண்டியலில் விழுந்தது ஊராரின் காசு. தேரிழுத்தது ஊராரின் கை. அவ்வாறாயின் ஆலயம் எவருடையது? இது எளிதில் விடை காணத்தக்க வினாவன்று. நிறுவிய குடும்பத்தின் உரிமையும் உண்மை. வணங்கும் மக்களின் உரிமையும் உண்மை. 1920-களின் இறுதியில் ஆலயம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பின்னர் அதன் நிருவாகம் அறங்காவலர் குழுவின் பொறுப்பாயிற்று. ஆலயச் சொத்து தெய்வத்துக்குரியது. அதைக் காப்பவர் உரிமையாளர் அல்லர், கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்ட காவலர் என்பதே அறங்காவல் முறையின் உயிர்நாடி.

இன்று தேவஸ்தானத்தின் பொறுப்பில் மகா மாரியம்மன் ஆலயம், பத்துமலை சுப்பிரமணியர் ஆலயம், கோர்ட்டுமலைப் பிள்ளையார் ஆலயம் ஆகியன விளங்குகின்றன. நீதிமன்றம் இருந்த குன்றின் பெயரையே தம் பெயராய் ஏற்று அமர்ந்திருக்கிறார் விநாயகப் பெருமான்! நாட்டிலுள்ள பல ஆலயங்களும் 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்று, ஆண்டுக் கூட்டம், தேர்தல், கணக்காய்வு என ஒழுங்குடன் இயங்குகின்றன. இவ்விதிகளைச் சுமையெனக் கருதுவோரும் உளர். ஆனால் ஏழைத் தாய் முந்தானையில் முடிந்து வந்து உண்டியலில் இடும் ஒரு வெள்ளிக்கு அவ்விதிகளே காவல். அதே வேளை, விதி கேட்பது கணக்கை மட்டுமே. அக்கணக்கில் நேர்மையை எழுதவேண்டியது மனிதரின் மனச்சான்று.

கருவூலத்தில் கணக்கெழுதத் தொடங்கிய ஒருவர் கட்டிய கோயில், அவர் மறைந்து நூறாண்டு கடந்தும் ஊரார் கையில் ஓங்கி நிற்கிறது. பொறுப்பேற்கும் இளந்தலைமுறையினர் அந்த ஏட்டைத் தூய்மையாய்த் தொடர்ந்து எழுதுவதே அப்பெருமகனாருக்குச் செலுத்தும் நன்றிக்கடனாகும். அன்னை மாரியின் அருள் அதற்குத் துணை நிற்பதாக.