ஒற்றைக் கண்ணால் உலகை வென்ற பட்டோடி நவாப்

1962-ம் ஆண்டு ஜனவரி மாதம். சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் இந்தியாவும் இங்கிலாந்தும் டெஸ்ட் பந்தயம் ஆடின. 21 வயது இளைஞர் ஒருவர் இங்கிலாந்தின் பந்துவீச்சை விளாசித் தள்ளினார். 103 ரன்கள்! அது அவருடைய முதல் டெஸ்ட் சதம்.

அந்த இளைஞரின் வலது கண்ணில் பார்வை இல்லை என்றே சொல்லலாம். அவர்தான் பட்டோடி நவாப் மன்சூர் அலிகான்.

பிறந்த நாளில் பேரிடி

1941-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி போபாலில் பிறந்தார். தந்தை இப்திகார் அலிகானும் பெரிய கிரிக்கெட் வீரர். இங்கிலாந்துக்காகவும் இந்தியாவுக்காகவும் ஆடியவர். மகனுக்கு 11 வயது நிறைந்த அதே நாளில், போலோ ஆடும்போது தந்தை இறந்துபோனார்.

சிறுவன் இங்கிலாந்தில் படித்தான். பள்ளிக்கூடத்திலேயே ரன்களைக் குவித்தான். 1961-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் கிரிக்கெட் காப்டன் ஆனார் மன்சூர். அந்தப் பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

கண்ணாடிச் சில்லு

1961 ஜூலை 1-ந் தேதி. இங்கிலாந்தில் ஹோவ் என்ற கடற்கரை ஊர். அன்றைய ஆட்டம் முடிந்து காரில் போய்க்கொண்டிருந்தார். இன்னொரு கார் மோதியது. உடைந்த கண்ணாடியின் சில்லு ஒன்று வலது கண்ணில் பாய்ந்துவிட்டது.

ஆபரேஷன் நடந்தது. கண் இருந்தது, பார்வை போய்விட்டது. சிகரெட்டைப் பற்றவைக்கப் போனால் நெருப்பு தள்ளி எரியும். கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றினால் தம்ளருக்கு வெளியே விழும். தூரத்தைக் கணக்கிட இரண்டு கண்கள் வேண்டுமே!

இரண்டு பந்துகள்

பிறகு அந்தக் கண்ணுக்குக் காண்டாக்ட் லென்ஸ் பொருத்தினார்கள். இது மூக்கில் மாட்டும் கண்ணாடி அல்ல. கருவிழியின் மேல் ஒட்டி நிற்கும் சின்னஞ்சிறு வில்லை. ஓடும்போது மூக்கிலிருந்து நழுவாது. சட்டம் இல்லாததால் பக்கப் பார்வையும் மறையாது. ஆட்டக்காரர்கள் இதை விரும்புவது அதனால்தான்.

லென்ஸ் போட்டதும் பட்டோடிக்குப் பார்வை வந்தது. கூடவே ஒரு தொல்லையும் வந்தது. காயம்பட்ட கண் காட்டிய உருவமும், நல்ல கண் காட்டிய உருவமும் ஒன்று சேரவில்லை. எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிந்தது.

1961 கடைசியில் ஐதராபாத்தில், இங்கிலாந்திலிருந்து வந்த எம்.சி.சி. அணியோடு ஆட்டம். லென்சுடன் ஆட வந்தார். ஒரு பந்து வீசப்பட்டால் இரண்டு பந்துகள் பாய்ந்து வந்தன! உள்பக்கம் வருவதே நிஜப் பந்து என்று வைத்துக்கொண்டு அடித்தார். 35 ரன்கள் எடுத்தார். தேநீர் இடைவேளை வந்தது. லென்சைக் கழற்றி வைத்தார். அந்தக் கண்ணை மூடிக்கொண்டு ஆடினார். மொத்தம் 70 ரன்கள் வந்தன!

பழைய ஆட்டம் இனித் திரும்பாது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். புதிய ஆட்டம் கற்றார். இடது கண் பந்தை நன்றாகப் பார்க்கும்படி நிற்கும் முறையை மாற்றினார். தொப்பியை வலது கண் மேல் இறக்கிவிட்டார். மணிக்கணக்கில் வலையில் பயிற்சி செய்தார். விபத்து நடந்து ஆறு மாதம் ஆகுமுன்பே டெஸ்ட் வீரர் ஆகிவிட்டார்!

21 வயதில் காப்டன்

1962 மார்ச்சில் வெஸ்ட் இண்டீசில் காப்டன் நாரி காண்டிராக்டரின் தலையில் பந்து பட்டுப் படுகாயம் ஏற்பட்டது. பொறுப்பு பட்டோடியின் தோளில் விழுந்தது. அன்றைய உலகில் மிக இளைய டெஸ்ட் காப்டன் அவர்தான். அவர் தலைமையில் 1968-ல் நியூசீலந்தில் இந்தியா வென்றது. வெளிநாட்டில் நமக்குக் கிடைத்த முதல் டெஸ்ட் தொடர் வெற்றி அது. மொத்தம் 46 டெஸ்ட், 2,793 ரன், 6 சதம்.

பட்டோடி அணிந்த காலத்தில் லென்ஸ் கெட்டியான பிளாஸ்டிக். அதே 1961-ன் கிறிஸ்துமஸ் சமயம், செக்கோஸ்லோவாக்கிய விஞ்ஞானி ஓட்டோ விக்டர்லே, பிள்ளைகள் விளையாடும் இணைப்புச் சாமான்களால் ஒரு யந்திரம் செய்து மெத்தென்ற லென்சை உருவாக்கினார். இன்று பல ஆட்டக்காரர்கள் அணிவது அந்த வகையே.

ஆனால் லென்ஸ் பார்வைக்குத் துணை. கண்ணுக்குக் கவசம் அல்ல. பந்து பட்டால் கண் காயப்படும். டாக்டரைக் கேட்காமல் அணியக் கூடாது. அணிந்தபடி நீந்தவும் கூடாது.

2011 செப்டம்பர் 22-ந் தேதி பட்டோடி டெல்லியில் காலமானார். வயது 70. அவர் விருப்பப்படி கண் தானம் செய்யப்பட்டது. பார்வையின் அருமை அவரைவிட யாருக்குத் தெரியும்?