யானைமலையைப் படம் பிடித்த கேப்டன்

மேலூரிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் போகும்போது, ஒத்தக்கடை அருகே ஒரு பெரிய யானை படுத்திருப்பதைப் போன்ற மலையைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் யானைமலை. 1858-ஆம் ஆண்டிலேயே இந்த மலையைப் புகைப்படம் எடுத்திருக்கிறார் ஒருவர். அவர் பெயர் லின்னேயஸ் டிரைப்.

இங்கிலாந்தின் டெவன்போர்ட் நகரில் 1822 ஏப்ரல் 14 அன்று பிறந்தவர் டிரைப். 17 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். விடுப்பில் ஊர் திரும்பியிருந்தபோது புகைப்படக் கலை மீது ஆர்வம் பிறந்தது. 1853-இல் லண்டன் புகைப்படச் சங்கத்தில் உறுப்பினரானார்.

அன்று பிலிம் சுருள் கிடையாது. படம் எடுப்பவரே எல்லாவற்றையும் தயாரிக்க வேண்டும். டிரைப் பெரும்பாலும் காகிதத்தையே பிலிமாகப் பயன்படுத்தினார். எப்படித் தெரியுமா?

நல்ல காகிதத்தில் உருக்கிய மெழுகை ஏற்றி, கண்ணாடி போல ஒளி ஊடுருவச் செய்வார்கள். பிறகு அயோடைடு கரைசலில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். அடுத்து, இருட்டறையில் சில்வர் நைட்ரேட் கரைசலில் நனைப்பார்கள். இப்போது காகிதத்துக்கு ஒளியை உணரும் சக்தி வந்துவிடும். அதைக் கேமராவுக்குள் வைத்து, பல நிமிடங்கள் ஒளி படச் செய்ய வேண்டும்.

வெளியே எடுத்தால் காகிதத்தில் ஒன்றுமே தெரியாது! கேலிக் அமிலக் கரைசலில் போட்டால்தான் உருவம் மெல்ல மெல்லத் தோன்றும். இதுதான் டெவலப்பர். நம் ஊர்க் கடுக்காயில்கூட இந்த அமிலம் உண்டு. கடைசியாக ஹைப்போ கரைசலில் கழுவினால் படம் அழியாமல் நிலைக்கும். இந்தப் படத்தில் வெளிச்சம் கறுப்பாகவும் நிழல் வெளுப்பாகவும் இருக்கும். இதை வேறொரு காகிதத்தின் மேல் வைத்து வெயிலில் காட்டினால் சரியான படம் கிடைத்துவிடும்.

கண்ணாடித் தகட்டில் படம் எடுக்கும் முறையும் அப்போது இருந்தது. அதில் ரசாயனப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே படமெடுத்து, உடனே டெவலப் செய்தாக வேண்டும். நம் ஊர் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடுமே! மெழுகுக் காகிதத்தையோ முன்கூட்டியே தயாரித்து எடுத்துச் செல்லலாம். நீண்ட பயணங்களுக்கு அதுதான் வசதி.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்தக் காகிதம் நீல நிறத்தை அளவுக்கு மீறி உணரும். அதனால் வானம் வெறும் வெள்ளையாகவே விழும். டிரைப் தூரிகையை எடுத்து, நெகட்டிவின் மேலேயே மேகங்களை வரைந்துவிடுவார்!

1855-இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவுடன் போய் 200-க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அதைக் கண்டு மகிழ்ந்த சென்னை அரசு, 1856-இல் அவரை அரசுப் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் தொடங்கிய பயணத்தில், மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மதுரையில் மீனாட்சியம்மன் கோயில், தெப்பக்குளம், விளக்குத்தூண் எல்லாம் அவர் கேமராவில் பதிந்தன. அன்று இடிந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலையும் எடுத்தார். மகால் பின்னாளில் பழுதுபார்க்கப்பட்டது. அதற்கு முன் எப்படி இருந்தது என்பதை இன்று அந்தப் படங்களில் பார்க்கலாம்.

தஞ்சைப் பெரிய கோயிலில் கல்வெட்டு எழுத்துகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கும் அதிக நீளமான ஒரே படமாக்கினார்!

ஆனால், 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், அரசிடம் பணமில்லாத நேரத்தில் இது ஆடம்பரச் செலவு என்று கருதினார். புகைப்படப் பணியை நிறுத்த உத்தரவிட்டார். டிரைப் ராணுவ வேலைக்கே திரும்பினார். அதன் பிறகு அவர் படம் எடுத்தது மிகவும் அபூர்வம். ஓய்வு பெற்று, சொந்த ஊரிலேயே 1902 மார்ச் 2 அன்று காலமானார்.

அவர் படம் எடுத்த காலம் சுமார் ஆறே ஆண்டுகள்தான். ஆடம்பரம் என்று ஒதுக்கப்பட்ட அந்தப் படங்களை இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகமும், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் பொக்கிஷமாகப் பாதுகாக்கின்றன. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முந்தைய மதுரையைப் பார்க்க வேண்டுமா? டிரைப்பின் காகிதங்களைத்தான் தேடிப் போக வேண்டும், குட்டீஸ்!