விலங்கொடித்த வித்தகர்

உடன்குடிப் பக்கத்துப் பனையேறும் தோழர் காலிலே தளை பூட்டுகிறார். நாரால் ஆன தளை. அது அவரைக் கட்டிப்போடவில்லை, உயர்த்துகிறது! அதன் துணையால் உச்சிக்கு ஏறுகிறார், பாளை சீவுகிறார், பதநீர் இறக்குகிறார். வீட்டார் காய்ச்சக் காய்ச்ச, தெருவெல்லாம் கருப்பட்டி மணக்கிறது.

காலிலே பூட்டும் தளை இன்னொன்றும் உண்டு. அது இரும்பால் ஆனது. அதைப் பூட்டிக்கொண்டவன் ஏறுவதில்லை, எழுவதுமில்லை.

இதே கடற்கரையில், வடக்கே, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் அந்த இரும்புத் தளை என்ன செய்தது என்பதை நாடு கண்டது. மனநோயாளரை வைத்திருந்த தனியார் காப்பகத்திலே தீ! ஓட நினைத்தவர்கள் ஓட முடியவில்லை, சங்கிலி விடவில்லை. 28 உயிர்கள் கருகின. அவர்கள் செய்த குற்றம் என்ன? நோயுற்றது!

எந்த வழிபாட்டு வாசலையும் ஏசுவதற்காக இதை எழுதவில்லை, தோழர்களே! வழி தெரியாத தாயும் தகப்பனும் வேறெங்கே போவார்கள்? வழி கண்ட ஒருவரின் வரலாற்றைச் சொல்லவே வந்தேன்.

பிலிப் பினெல் 1745-ஆம் ஆண்டு, தெற்குப் பிரான்சிலே பிறந்தார். தந்தை, முடி திருத்துவதும் ரணசிகிச்சை செய்வதும் ஒரு கையாலேயே என்றிருந்த அந்நாளைய தொழிலாளி. நம் நாட்டிலும் நாவிதரை மருத்துவர் என்று அழைத்தது நினைவிருக்கும்! மகன் முதலில் இறையியல் படித்தார். அதை விடுத்து மருத்துவத்துக்கு வந்தார். 1773-இல் துலூஸ் நகரிலே பட்டம் பெற்றார். 1778-இல் பாரிஸ் பட்டணம் புகுந்தார்.

பட்டணம் வரவேற்றதா? இல்லை. நாட்டுப்புறத்துப் பட்டம் தலைநகரில் செல்லாது என்றனர். படித்த மருத்துவர், பதினைந்து ஆண்டுக் காலம், கணக்குச் சொல்லிக் கொடுத்தும், பிறநாட்டு மருத்துவ நூல்களை மொழிபெயர்த்தும், பத்திரிகை நடத்தியும் வயிறு வளர்த்தார்.

அந்நாளிலே அவருடைய இளம் நண்பர் ஒருவருக்கு மனம் பேதலித்தது. முறையான மருத்துவம் கிட்டவில்லை. வீட்டைவிட்டு ஓடினார்; காட்டிலே பிணமாய்க் கிடந்தார். பினெலின் நெஞ்சிலே தைத்தது அந்த முள். மனநோயை அறிவது, ஆற்றுவது — வாழ்வின் வேலை இதுவே எனத் துணிந்தார்.

1793. மன்னன் தலை உருண்ட ஆண்டு. புரட்சி அரசு அவரைப் பிசேத்ர் விடுதிக்கு மருத்துவராக அனுப்பிற்று. அங்கே மனநோயாளருக்கு இருட்டறை; சிலருக்கு ஆண்டுக்கணக்காகச் சங்கிலி. பினெல் உள்ளே நுழைந்து, ஒரே வீச்சில் விலங்குகளைத் தகர்த்தெறிந்தார் என்றுதான் பாடம் படித்திருக்கிறோம். அது அவர் மகன் பின்னாளிலே பரப்பிய கதை. உண்மை அதைவிட உயர்ந்தது!

அங்கே காவல் பொறுப்பிலே இருந்தவர் புஸ்ஸின். தோல் பதனிடும் தொழிலாளி! கண்டமாலை நோயோடு அதே விடுதிக்கு வந்து, குணமடைந்து, அங்கேயே பணிக்கு அமர்ந்தவர். மருத்துவக் கல்லூரி வாசலை மிதித்தவரல்ல. ஆனால் மனிதரை அறிந்தவர். நோயாளியை அடிக்கக் கூடாது என்று ஆணையிட்டார். அன்பான சொல், உறுதியான பார்வை, செய்வதற்கு வேலை — இவற்றால் வெறியை அடக்கினார். அவர் மனைவியும் அப்பணியிலே பங்கு கொண்டார்.

பட்டம் பெற்ற பினெல் என்ன செய்தார்? நீ யார் எனக்குச் சொல்ல என்று கேட்டாரா? இல்லை! தோல் தொழிலாளியிடம் மாணவராய் உட்கார்ந்தார், கேட்டார், குறித்துக்கொண்டார். பினெல் வேறு மருத்துவமனைக்கு மாறிச் சென்றபின், 1797-இல், பிசேத்ரிலே சங்கிலியைக் கழற்றியவர் புஸ்ஸினே. சில ஆண்டுகளில் பினெலும் சால்பெத்ரியேர் மருத்துவமனைப் பெண்களின் சங்கிலியைக் கழற்றினார். மிகக் கொந்தளித்தவருக்கு மட்டும் துணிச்சட்டைக் கட்டு இருந்தது. 1802-இல் புஸ்ஸினையும் தம்மிடமே அழைத்துக்கொண்டார். 1801-இல் வெளியிட்ட தம் பெருநூலிலே அவருக்குரிய புகழை மறைக்காமல் எழுதினார்.

சங்கிலி கழன்றதும் என்ன தெரிந்தது? நோய் தெரிந்தது! அதுவரை கண்ட ஆவேசத்திலே நோயால் வந்தது எவ்வளவு, கட்டிவைத்த கொடுமையால் வந்தது எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. பினெல் நோயாளியிடம் நாள்தோறும் சென்றார், பேசவிட்டுக் கேட்டார், மாதக்கணக்கில் எழுதி வைத்தார், வகை பிரித்தார், குணமானவர்களைக் கணக்கிட்டார். முடியாட்சி மீண்டபின், 1822-இல், பேராசிரியர் பதவி பறிபோயிற்று. 1826-இல் மறைந்தார். முறை மறையவில்லை.

இன்று மூளையைப் படமெடுக்கிறோம்; மரபணுவை ஆராய்கிறோம். ஆயினும், மனச்சிதைவு இது என்று ஒரு துளி இரத்தம் பார்த்துச் சொல்லும் சோதனை இன்னும் கைக்கு வரவில்லை. மருத்துவர் எதிரே உட்கார்ந்து, கேட்டு, கவனித்தே தெளிகிறார். பினெல் வழி அது! மருந்துகளோ வளர்ந்துவிட்டன. 1931-இல் கல்கத்தாவிலே கணநாத சென்னும் கார்த்திக் போசும் சர்ப்பகந்தா வேரின் அடக்கும் ஆற்றலை எழுதினர். 1952-இல், அதே பாரிஸிலே, குளோர்புரோமசின் மனநோய்க்கு மருந்தாயிற்று. சென்னையிலே டாக்டர் சாரதா மேனன் முன்னின்று 1984-இல் தொடங்கிய மனச்சிதைவு ஆய்வு நிறுவனம், நோயாளரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து ஆராய்ந்து வருகிறது. காலத்தே மருந்தும் குடும்பத்தின் துணையும் கிட்டியவர் பலர், வேலைக்கும் வீட்டுக்கும் திரும்புகின்றனர்.

ஏர்வாடித் தீக்குப் பிறகு சட்டமும் விழித்தது. 2017-ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டப்படி, நோயாளியைச் சங்கிலியால் கட்டுவது எவ்வகையிலும் கூடாது. 14416 என்ற எண்ணை அழைத்தால் கட்டணமின்றி ஆலோசனை உண்டு. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலே மனநல மருத்துவர் உண்டு.

நேர்த்திக்கடன் உண்டென்றால் செலுத்துங்கள், தாய்மாரே! ஆனால் பிள்ளையை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். ஊரார் சிரிப்பார்களே என்று அறையிலே பூட்டாதீர்கள். காய்ச்சலுக்கு வெட்கமில்லை, மனக்காய்ச்சலுக்கு மட்டும் ஏன்?

தளை வேண்டும், பனை ஏறும் காலுக்கு! நோயுற்ற காலுக்கு வேண்டாம். அதற்கு வேண்டியது, கைபிடித்து அழைத்துச் செல்ல ஒரு துணை!