ஹெரால்டு காரை வரைந்த மனிதர்



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது விடுதி வாழ்க்கையைப் பற்றி எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அதை எழுத என்னைவிடக் கெட்டிக்காரர்கள் நம்மில் பலர் உண்டு. நாம் கூடும்போதெல்லாம் பந்தியில் கிளம்புகிற ஒரு வழக்கை நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார் அழகா, இந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார் அழகா என்பதே அந்த வழக்கு. பிள்ளைகள் செல்போனில் புது வண்டிகளின் படத்தைக் காட்டுவார்கள். எங்க செட்டு ஆட்கள், இதெல்லாம் ஒரு வண்டியா என்று முகத்தைச் சுளிப்பார்கள். சாம்பார் முடிந்து ரசம் வந்தாலும் வழக்கு முடியாது.

இந்த வழக்கில் சாட்சி சொல்லத் தகுதியான ஒருவர் இருக்கிறார். இறந்து நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. நம்ம நாட்டுக்காரரும் இல்லை. ஆனாலும் நம்மில் ஐம்பது தாண்டிய அத்தனை பேரும் அவர் கைவேலையைப் பார்த்திருக்கிறோம். இத்தாலி நாட்டின் டூரின் நகரத்தைச் சேர்ந்த ஜியோவான்னி மிக்கேலோட்டி என்பவர்தான் அவர். சென்னையில் தயாராகி நம் சாலைகளில் ஓடிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் உருவத்தை வரைந்தவர்.

என் ஊர் இனயம். கடற்கரை ஊர். நான் சிறுவனாக இருந்த அறுபதுகளில் எங்கள் ஊருக்குள் கார் வருவதே அபூர்வம். கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு டாக்டர் ஹெரால்டில் வருவார். மணலில் ஓடி வந்து சூடேறி நின்றால் டிரைவர் பானெட்டைத் திறப்பார். மற்ற கார்களில் மூடி மட்டும்தான் தூக்கும். இதில் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முகம் முழுவதும் முன்பக்கமாகக் கவிழும். பெரிய மீன் வாயைப் பிளந்த மாதிரி இருக்கும். என்ஜினும் முன்சக்கரமும் அப்படியே வெளியே தெரியும். கூட்டம் கூடிவிடும். அந்த வண்டியின் அழகு எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் பார்க்கத் தெரிந்திருந்தது.

மிக்கேலோட்டி 1921 அக்டோபர் 6ஆம் தேதி டூரினில் பிறந்தார். கார்களுக்கு உடல் கட்டும் பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருந்த ஊர் அது. 1930களின் பிற்பகுதியில், மீசை முளைக்கிற வயதிலேயே, ஸ்டாபிலிமென்டி ஃபரினா என்ற பெயர்பெற்ற பட்டறையில் வேலை பழகச் சேர்ந்தார். பெரிய படிப்பு ஏதும் இல்லாமல் பட்டறையையே பள்ளிக்கூடமாக்கிக்கொண்டவர். தகரத்தை எப்படி அடித்தால் வளையும், எந்த வளைவு அடிக்கிறவனைக் கஷ்டப்படுத்தும் என்பதையெல்லாம் அங்கே கண்ணால் கண்டு படித்தார். பின்னாளில் அவர் வேகத்துக்குப் பெயர் போனவர். அதற்கு இந்த அடிப்படையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். கட்ட முடியாத கோட்டை அவர் வரைவதில்லை.

போருக்குப் பிறகு, 1949இல், சொந்தமாக வரைபட நிலையம் தொடங்கினார். அப்போது டூரினில் யாருடைய பட்டறையிலும் சேராமல் வரைந்து மட்டும் பிழைப்பது புதுமையான தொழில். ஆல்ஃபிரெடோ விக்னாலே என்ற பட்டறைக்காரர் அவருடைய நெருங்கிய கூட்டாளி. இவர் வரைய, அவர் கட்டினார். 1950களின் தொடக்கத்தில் விக்னாலே பட்டறையில் உடல் கட்டப்பட்ட பல ஃபெராரி கார்கள் இந்தக் கையின் வேலைதான். ஆனால் வண்டியின் பக்கவாட்டில் பதித்த தகட்டில் பட்டறையின் பெயர்தான் இருக்கும். வரைந்தவன் பெயர் இருக்காது. அல்லெமானோ, கியா முதலிய வேறு பட்டறைகளுக்கும் இப்படியே வரைந்து கொடுத்தார். கண்காட்சிக்கு வந்த கூட்டம், ஒன்றுக்கொன்று போட்டியான கடைகளைப் பார்த்து வியந்துகொண்டிருக்கும். பல கடைகளின் பின்னால் இருந்தது ஒரே பென்சில் என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது.

இனி நம் ஹெரால்டு கதைக்கு வருகிறேன். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு டிரயம்ப் கம்பெனிக்கு 1950களில் ஒரு பெரிய இக்கட்டு வந்தது. அவர்களுக்குக் கார் உடல் அச்சடித்துக் கொடுத்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி ஒன்று 1953இல் வாங்கிவிட்டது. காரின் உடலை ஒரே கூடாகச் செய்துதர ஆளில்லை. ஆகவே பழைய முறைப்படி தனிச் சேஸ் வைத்து, உடலைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்வித்து, போல்ட் போட்டு மாட்டலாம் என்று தீர்மானித்தார்கள். வண்டிக்கு உருவம் கொடுக்க அவர்களாலும் முடியவில்லை. கம்பெனியின் என்ஜினியர் ஹாரி வெப்ஸ்டர் 1957இல் மிக்கேலோட்டியை நாடினார். அவர் சில மாதங்களில் வண்டியை வரைந்து கொடுத்துவிட்டார். ஒட்டுப்போட்ட உடலில் ஒட்டுத் தெரியாமல் இருக்க, இணைப்பு வருகிற இடங்களையே அழகுக் கோடுகளாக ஆக்கினார். பாத்தியளா, இல்லாமையை மறைக்காமல் அதையே அலங்காரமாக்கிய கெட்டிக்காரத்தனம்! 1959இல் ஹெரால்டு வெளிவந்தது.

துண்டு துண்டான அந்தக் கட்டுமானம் வெளிநாடுகளில் கொண்டுபோய்ப் பூட்டவும் வசதியாக இருந்தது. சென்னைக்குப் பக்கத்தில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961இல் இங்கே ஹெரால்டைக் கொண்டுவந்தது. கல்கத்தாவுக்கு அம்பாசிடர், பம்பாய்க்கு ஃபியட் என்றால் சென்னைக்கு ஹெரால்டு. 948 சி.சி. என்ஜின்தான். குறுகலான சந்திலும் ஒரே ஒடிப்பில் திரும்பும். இரண்டு கதவு நம் கூட்டுக் குடும்பங்களுக்குப் போதவில்லை என்று 1968இல் நான்கு கதவு வைத்தார்கள். அது இந்தியாவுக்கென்றே செய்த மாடல். 1972இல் அதன் வாரிசாகக் கெஸல் வந்தது. முகம் முழுவதும் கவிழும் அந்தப் பானெட் அதோடு போயிற்று. 1980களின் இறுதியில் அந்த ஆலையில் கார் உற்பத்தியே நின்றுவிட்டது.

ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிச் சொல்ல வந்தவன் ஏன் குடும்பக் காரைப் பற்றியே பேசுகிறான் என்று கேட்பீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. அதே ஹெரால்டு சேஸைக் கொஞ்சம் குட்டையாக்கி, அதன் மேல் இரண்டு பேர் உட்காரும் திறந்த உடலை மிக்கேலோட்டி வரைந்தார். கம்பெனியில் பணமில்லாததால் அந்த மாதிரி வண்டி ஆலையின் ஒரு மூலையில் துணி மூடிக் கிடந்தது. 1961இல் லேலண்டு நிறுவனம் டிரயம்பை வாங்கியது. புது நிர்வாகிகள் ஆலையைச் சுற்றிப் பார்த்தபோது துணியை விலக்கினார்கள். உடனே தயாரிக்க உத்தரவாயிற்று. 1962இல் வெளிவந்த டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் அதுதான். நீளம் 3.68 மீட்டர், அகலம் 1.45 மீட்டர், எடை சுமார் 700 கிலோ. 1980 வரை 3 லட்சத்து 14 ஆயிரத்துக்கும் மேல் விற்றது. இதிலும் முகம் முழுவதும் கவிழும் பானெட்தான். ஆக, உலகம் கொண்டாடிய அந்த ஸ்போர்ட்ஸ் காரும் எங்கள் ஊர் மணலில் சூடேறி நின்ற வண்டியும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

அந்த ஒரு கை செய்த மற்ற வேலைகளும் கொஞ்சமல்ல. 1959இல் பி.எம்.டபிள்யூ. கம்பெனி விலைபோகும் நிலையில் இருந்தபோது அதைத் தூக்கி நிறுத்த உதவிய பி.எம்.டபிள்யூ. 700 என்ற சின்னக் கார் இவர் வரைந்தது. ஹாலந்தின் டாஃப் 44, ஜப்பானின் ஹினோ கான்டெஸ்ஸா 1300, இங்கிலாந்தின் டிரயம்ப் டி.ஆர். 4, ஸ்டாக் என்று பட்டியல் நீளும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வரைந்தவர் என்பார்கள். ஃபெராரிக்குப் போட்ட அதே கவனத்தைச் சாமானியன் வாங்கும் வண்டிக்கும் போட்டார்.

இனி வழக்குக்கு வருவோம். பழைய வண்டிகளின் பக்கம் பேசுகிறவர்கள் ஒன்றை மறைக்கக் கூடாது. ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் பின்சக்கர அமைப்பில் ஒரு குறை இருந்தது. வளைவில் வேகமாகத் திரும்பி, பயந்துபோய்க் காலை எடுத்தால், பின்சக்கரம் உள்பக்கம் மடங்கி வண்டி பிடி நழுவும். 1970இல்தான் ஸ்பிட்ஃபயரில் அதைச் சரிசெய்தார்கள். காற்றுப்பை கிடையாது. ஒல்லியான கண்ணாடிச் சட்டம், மெல்லிய கதவு. அந்த மெலிவுதான் அழகு. ஆனால் மோதினால் உள்ளே இருப்பவனைக் காக்க அங்கே ஒன்றும் இல்லை. இன்றைய கார்களின் தூண் பருத்திருப்பதும் கதவு தடித்திருப்பதும் உயிரைக் காக்கத்தான். நடந்துபோகிறவர் மீது மோதினால் தலைக்கு அடி குறைய வேண்டும் என்று ஐரோப்பாவில் 2005 முதல் விதிமுறை வந்தது. பானெட்டுக்கும் என்ஜினுக்கும் நடுவே இடைவெளி வேண்டுமாம். மூக்கு உயர்ந்தது அதனால்தான். நம் ரோட்டில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளை அறிந்தவர்கள் அதைக் குறையாகச் சொல்ல மாட்டோம்.

அப்படியானால் அழகு செத்துப்போயிற்றா? அதற்கும் மிக்கேலோட்டி வழியாகவே பதில் கிடைக்கிறது. பிரான்சின் ஆல்பைன் கம்பெனிக்கு அவர் 1950களில் போட்ட கோடுகளிலிருந்து வளர்ந்ததுதான் 1962இல் வந்த ஏ110 என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார். ஃபைபர் உடல், தாழ்ந்த முதுகு, நான்கு விளக்கு முகம். 2017இல் அதே பெயரில் புது ஏ110 வந்தது. அகலம் 1.80 மீட்டர், எடை சுமார் 1,100 கிலோ. பழையதைவிடப் பெரிது, கனமும் கூட. ஆனால் இன்றைய விதிகள் அத்தனைக்கும் கட்டுப்பட்டு, உடலை அலுமினியத்தில் செய்து, தேவையற்ற கொம்பு, இறக்கை எதுவும் மாட்டாமல் அந்தப் பழைய முதுகுக் கோட்டைக் காப்பாற்றியிருக்கிறார்கள். பார்த்தவுடன் தாத்தா முகம் பேரனிடம் தெரிகிறது. ஆக, விதிமுறை அழகைக் கொல்வதில்லை. மிக்கேலோட்டிக்கு இக்கட்டாக வந்தது அச்சடிக்கும் ஆலை இல்லாமை. இவர்களுக்கு வந்தது பாதுகாப்பு விதி. இரண்டு இடத்திலும் தடையை ஏற்றுக்கொண்டு, ஒரு தெளிவான கோட்டைத் தீர்மானித்தார்கள். தோற்றுப்போகிற புது வண்டிகள் எவை என்றால், கோபமுகம் காட்டுவதற்கென்றே ஓட்டையும் மடிப்பும் குத்திக்கொண்டவை. அவற்றில் பாதி ஓட்டைகள் அடைபட்டிருக்கும், காற்று போகாது.

எங்கள் கடற்கரையில் இதையே வேறு விதமாகக் கண்டிருக்கிறேன். மரத்தில் கட்டிய வள்ளம் போய், 1980களில் முட்டத்தில் பட்டறை வைத்து ஒட்டுப்பலகையில் வள்ளம் கட்டினார்கள். பிறகு ஃபைபர் வந்தது. முதியவர்கள் முதலில் மூக்கைச் சுளித்தார்கள். கொஞ்ச நாளில், எந்தப் பொருளில் செய்தது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அணியம் அலையை எப்படி வெட்டுகிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள். கோடு சரியாக இருந்தால் கடல் ஏற்றுக்கொள்ளும். அந்தக் கண்ணோடு காரைப் பார்த்தால் பழசு புதுசு என்ற சண்டை பாதி தீர்ந்துவிடும்.

மீதிப் பாதியில் நான் பழைய காலத்தின் பக்கம்தான். புது ஏ110 அழகானதுதான், ஆனால் அது பணக்காரர் வண்டி. ஃபெராரி வரைந்த கை, கிராமத்து டாக்டர் ஓட்டுகிற வண்டியையும் அதே அக்கறையோடு வரைந்த காலம் ஒன்று இருந்தது. சின்ன வண்டிக்கு இது போதும் என்று அவர் நினைக்கவில்லை. இன்றைய வடிவமைப்பு அந்தக் காலத்துக்கு ஈடாகிறதா என்பதை ஸ்போர்ட்ஸ் காரை வைத்து மட்டும் அளக்க மாட்டேன். நாலு லட்சம், ஐந்து லட்சத்துக்குக் கடனில் வாங்குகிற குடும்பக் காரையும் பக்கத்தில் நிறுத்தித்தான் அளப்பேன்.

மிக்கேலோட்டி 1980 ஜனவரி 23ஆம் தேதி காலமானார். வயது 58தான். அதே ஆண்டில்தான் ஸ்பிட்ஃபயர் உற்பத்தியும் நின்றது. அவர் வரைந்த ரிலையன்ட் கம்பெனியின் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அவர் மறைந்த பிறகு, 1984இல் வெளிவந்தது. 

நம் கல்லூரியில் படித்த பிள்ளைகள் பலர் இன்று மறைமலைநகர், மகேந்திரா சிட்டி பக்கத்து அலுவலகங்களில் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து, யாரோ பெயர் போடப்போகும் வண்டிக்குக் கதவுக் கைப்பிடியோ விளக்குச் சட்டமோ வரைந்துகொண்டிருக்கிறார்கள். இனிப் போகப்போகிறவர்களும் உண்டு. மக்களே, உங்கள் பெயர் தகட்டில் வராமல் போகலாம். அதற்காகக் கோட்டைச் சோம்பலாக இழுத்துவிடாதீர்கள். உங்கள் பெயர் தெரியாமலேயே எங்கோ ஒரு கடற்கரை ஊரில் ஒரு சிறுவன் நின்று அதைப் பார்ப்பான்.