வென்றவன் தலை குனிந்தான்!

1947 டிசம்பர் 5. நியூயார்க் நகரத்து மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம். 15 சுற்றுகள் முடிந்துவிட்டன. பத்தாண்டுக் காலம் குத்துச்சண்டை உலகின் முடிமன்னனாக விளங்கும் ஜோ லூயி, தீர்ப்பு வருமுன்பே மேடையை விட்டு இறங்கப் பார்க்கிறான். தோற்றுவிட்டோம் என்றே அவன் எண்ணிவிட்டான்! உடனிருந்தோர் தடுத்து நிறுத்துகின்றனர். தீர்ப்பு வருகிறது: வெற்றி லூயிக்கே! அரங்கம் ஆர்ப்பரிக்கவில்லை, சீறுகிறது! வென்றவன் தோற்றவனிடம் சென்று வருத்தம் தெரிவிக்கிறான்.

தோழர்களே! வென்றவனே வருந்திய அந்த வெற்றிக்குப் பலியானவன் யார்?

ஜெர்சி ஜோ வால்காட். பெற்றோர் இட்ட பெயர் ஆர்னால்டு கிரீம். 1914 ஜனவரி 31-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்த கறுப்பினத்து ஏழை மகன். சிறுவனாக இருக்கும்போதே தந்தை மறைந்தார். பள்ளிக் கதவு மூடிற்று. சூப் ஆலையின் கதவு திறந்தது. தாயையும் உடன்பிறந்தோரையும் காக்கும் பொறுப்பு அந்தப் பிஞ்சுத் தோளில் விழுந்தது. 1930-இல் காசுக்காகக் கையுறை அணிந்தான். தான் போற்றிய பழைய வீரன் ஜோ வால்காட்டின் பெயரைப் பூண்டான். பிறந்த மண்ணின் பெயரை அதன் முன்னே சூட்டிக்கொண்டான்.

பேரும் வரவில்லை, பொருளும் வரவில்லை. குத்துச்சண்டையை விட்டுவிட முனைந்தான், பலமுறை. ஆறு குழந்தைகளின் பசி அவனை விடவில்லை! அரசு தந்த உதவித் தொகையில் அடுப்பெரிந்த நாட்களும் உண்டு. இப்படி 17 ஆண்டுகள் உழன்றவன்தான் 33-ஆம் வயதில் லூயியின் எதிரே நின்றான். பந்தயம் கட்டியோர் அவனை ஒரு பொருட்டாகவே கருதவில்லை.

என்ன நடந்தது? முதல் சுற்றில் லூயி விழுந்தான்! நான்காம் சுற்றில் மீண்டும் விழுந்தான்! கடைசிச் சுற்றுகளில், வெற்றி கையில் இருக்கிறது என்று நம்பி, வால்காட் அடிபடாமல் விலகி விலகி ஆடினான். அங்கேதான் வினை விளைந்தது.

மூன்று பேர் மூன்று சீட்டுகளில் கணக்கெழுதினர். மேடையில் நின்ற நடுவர் ரூபி கோல்ட்ஸ்டைன், 7 சுற்று வால்காட்டுக்கு, 6 லூயிக்கு, 2 சமம் என்று குறித்தார். வெளியே அமர்ந்த இருவரில் ஃபிராங்க் ஃபோர்ப்ஸ் 8-6 என்றும், மார்ட்டி மன்றோ 9-6 என்றும் லூயிக்கு எழுதினர். இரண்டு ஒன்றை வென்றது. வால்காட் தோற்றான்!

விலகி ஆடியதைக் குறை என்று எண்ணியிருக்கலாம். அதற்கு மேலும் ஒன்று உண்டு. பட்டத்தை வைத்திருப்பவனுக்கு ஒரு தராசு, பறிக்க வந்தவனுக்கு வேறொரு தராசு! பட்டம் வேண்டுமா, ஐயத்துக்கு இடமில்லாமல் அடித்து வீழ்த்து என்பது குத்துச்சண்டை உலகின் எழுதாச் சட்டம். லூயியும் கறுப்பினத்தவன்தான். எனவே அன்று வேலை செய்தது நிறம் அல்ல, நிலைத்துவிட்ட புகழ்!

1948-இல் மீண்டும் லூயியைச் சந்தித்தான். 11-ஆம் சுற்றில் வீழ்ந்தான். 1949-இலும் 1951 மார்ச்சிலும் எசார்டு சார்லசிடம் புள்ளிக் கணக்கில் தோற்றான். நான்கு முறை தோல்வி! ஐந்தாம் முறை, 1951 ஜூலை 18, பிட்ஸ்பர்க். ஏழாம் சுற்றில் இடக்கையால் ஒரே வீச்சு! சார்லஸ் சாய்ந்தான். அன்று சீட்டுகளுக்கு வேலையே இல்லை. 37 வயதில் உலகப் பட்டம்! அந்த வயதில் அதுவரை எந்தப் பெரு எடை வீரனும் முடிசூடியதில்லை.

ஒன்றை மறைக்கலாகாது. 1952 ஜூனில் சார்லசை அவன் புள்ளிகளால் வென்றபோது, சார்லசே வென்றான் என்று கூறியோர் பலர். அதே தராசு இம்முறை அவன் பக்கம் சாய்ந்தது! அவ்வாண்டு செப்டம்பரில் ராக்கி மார்சியானோவுடன் மோதியபோது, 12 சுற்று முடிவில் மூன்று சீட்டுகளிலும் வால்காட்டே முன்னணி. 13-ஆம் சுற்றில் ஒரு குத்து, பட்டம் போயிற்று! 1953-இல் விடைபெற்றான்.

பின்னர், தீர்ப்பால் துன்புற்றவனே தீர்ப்பளிக்கும் இடத்துக்கு வந்தான். 1965 மே 25, லூயிஸ்டன் நகரில் முகமது அலி - லிஸ்டன் போட்டியில் நடுவர் வால்காட். முதல் சுற்றிலேயே லிஸ்டன் விழுந்தான். அலி மூலைக்குப் போக மறுத்து நின்றான். அவனை விலக்க முயன்ற குழப்பத்தில், கீழே விழுந்தவனுக்கான எண்ணிக்கையைக் கவனிக்க வால்காட் தவறினான். லிஸ்டன் எழுந்து மீண்டும் சண்டை தொடங்கிய பிறகு, மேடையருகே இருந்த பத்திரிகை ஆசிரியர் ஒருவர் நேரம் கடந்துவிட்டதைச் சொல்ல, அதன் பிறகே போட்டியை நிறுத்தினான். அந்தக் குழப்பம் இன்றளவும் பேசப்படுகிறது. நல்ல மனம் இருந்தும் தீர்ப்பு தடுமாறும் என்பதற்கு அவனே சான்றானான்!

1971-இல் காம்டன் கவுண்டியின் ஷெரிப் பதவிக்கு மக்கள் அவனைத் தேர்ந்தெடுத்தனர். பின்னர் 1984 வரை நியூ ஜெர்சி மாநிலக் குத்துச்சண்டை ஆணையத்தின் தலைவனாக இருந்தான். 1994 பிப்ரவரி 25-இல் மறைந்தான்.

அவன் மறைந்த சில ஆண்டுகளில், அதே நியூ ஜெர்சியின் வாரியம்தான் குத்து, உதை, மல்லு மூன்றும் சேர்ந்த கலப்புச் சண்டைக்குப் பொது விதிகளை வகுப்பதில் முன்னின்றது. சண்டை புதிது, தராசு பழையது! மூன்று நீதிபதிகள், சுற்றை வென்றவனுக்குப் பத்துப் புள்ளி என்ற குத்துச்சண்டைக் கணக்கே அங்கும் சென்றது. குத்துச்சண்டைப் பட்டப் போட்டிக்கு இன்று 12 சுற்று. கலப்புச் சண்டையிலோ வழக்கமாக மூன்றே சுற்று, பட்டத்துக்கு ஐந்து. 12-இல் ஒன்று பிழைத்தால் ஈடுசெய்ய இடமுண்டு. மூன்றில் ஒன்று பிழைத்தால்? ஆட்டமே கவிழும்! போதாக்குறைக்கு, குத்தை எடை போடும் கண் பிடியையும் புரட்டலையும் சேர்த்து எடை போட வேண்டும். அங்கும் கூச்சல் எழுவதில் வியப்பென்ன?

தோழர்களே! ஆளை மாற்றினால் போதாது, அளவுகோல் செம்மையாக வேண்டும். எந்தச் சுற்றை எதற்காக யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்கும் உரிமை, வியர்வை சிந்தியவனுக்கு வேண்டும். அன்று நியூயார்க்கில் சீறிய கூட்டத்தால் தீர்ப்பை மாற்ற இயலவில்லை. ஆனால் அந்தச் சீற்றத்தை வரலாறு மறக்கவில்லை. வால்காட் இரவல் கேட்கவில்லை, இரக்கமும் கேட்கவில்லை. மீண்டும் மேடையேறினான், மீண்டும் மீண்டும் ஏறினான், வென்றான்!